வாசகர் கேள்வி பதில்: ஏறும் கோடும் இறங்கும் கோடும்

அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வின் எழுத்துப் பகுதியில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ கொடுத்து, அதிலுள்ள முக்கியச் செய்திகளைக் குறைந்தது 150 சொற்களில் எழுதச் சொல்கிறார்கள். டாஸ்க் 1 என்று அழைக்கப்படும் இந்தக் கேள்வியில், கோட்டு வரைபடம் வந்தால் எப்படி எழுதுவது என்றுதான் பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

“இரண்டு முறை தேர்வு எழுதி, இரண்டு முறையும் எழுத்துப் பகுதியில் 9க்கு 5.5 மட்டுமே பெற்றேன். பயிற்சி மையத்தில் கொடுத்த பட்டியலிலிருந்து உயர்வுக்கும் தாழ்வுக்கும் ஏறத்தாழ அறுபது ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். என் பயிற்சிக் கட்டுரை ஒன்றை இணைத்துள்ளேன். இன்னும் எந்தச் சொற்களைக் கற்றுக்கொள்ள வேண்டும், ஐயா?”
– பொறியியல் பட்டதாரி, நாமக்கல்

உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உங்களுக்குச் சொற்கள் போதவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் எடுத்துக்கொண்ட வரைபடம் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1951 முதல் 2011 வரை ஆண்களின் எழுத்தறிவு விகிதத்தையும் பெண்களின் எழுத்தறிவு விகிதத்தையும் இரண்டு கோடுகளாகக் காட்டுகிறது. ஏழு கணக்கெடுப்புகள், இரண்டு கோடுகள், ஆகப் பதினான்கு எண்கள். அந்தப் பதினான்கையும் நீங்கள் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ‘சோர்ட்’, ‘ஸ்கைராக்கெட்டட்’, ‘சர்ஜ்ட்’ என்று திடீர்ப் பாய்ச்சலைக் குறிக்கும் ஒரு புதுச் சொல்லைப் பொருத்தியிருக்கிறீர்கள். கட்டுரை முழுவதையும் படித்து முடித்த பிறகும், இந்த அறுபது ஆண்டுகளில் என்ன நடந்தது என்று ஒருவர் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குறை இங்கேதான் இருக்கிறது.

இந்தத் தேர்வில் எழுத்துக்கு நான்கு அளவுகோல்களின்படி சமமாக மதிப்பெண் தருகிறார்கள். கேட்டதை நிறைவேற்றியிருக்கிறோமா என்பது ஒன்று, கருத்துகள் கோவையாக அமைந்திருக்கின்றனவா என்பது ஒன்று, சொல்வளம் ஒன்று, இலக்கணம் ஒன்று. மனப்பாடம் செய்த பட்டியல் இவற்றில் சொல்வளத்துக்கு மட்டுமே உதவக்கூடும், அங்கேயும் சொல் பொருத்தமாக இருந்தால்தான் உதவும். முதல் அளவுகோலுக்கான வெளியிடப்பட்ட விளக்கத்தைப் பார்த்தால், விவரங்களை இயந்திரத்தனமாக அடுக்கிவிட்டு ஒட்டுமொத்தப் பார்வை எதையும் தராத கட்டுரைக்கு 5 என்றும், முக்கியப் போக்குகளைத் தெளிவாகத் தொகுத்துச் சொல்லும் கட்டுரைக்கு 7 என்றும் இருக்கிறது. ‘ஓவர்வியூ’ என்று சொல்லப்படும் அந்த ஒன்றிரண்டு வாக்கியங்கள் உங்கள் கட்டுரையில் எங்கும் இல்லை.

அந்த வரைபடத்தை மீண்டும் ஒருமுறை எடுத்து, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வெறுமனே பாருங்கள். 1951இல் ஆண்களில் 27 சதவீதத்தினருக்கும் பெண்களில் 9 சதவீதத்தினருக்கும் எழுத்தறிவு இருந்தது. 2011இல் அது முறையே 82 ஆகவும் 65 ஆகவும் ஆகியிருந்தது. இரண்டு கோடுகளும் ஒரு கணக்கெடுப்பில்கூட இறங்கவில்லை. ஆண்களின் கோடு தொடக்கம் முதல் இறுதிவரை மேலேயே இருக்கிறது. ஆனால் இவற்றைவிட முக்கியமான செய்தி கோடுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் இருக்கிறது. 1951இல் 18 புள்ளிகளாக இருந்த இடைவெளி 1981இல் ஏறத்தாழ 27 புள்ளிகளாக அகன்று, அதன் பிறகு ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் சுருங்கி, 2011இல் 17 புள்ளிகளுக்கும் கீழே வந்துவிட்டது. 1981க்குப் பிறகு பெண்களின் கோடு ஏறத்தாழ 36 புள்ளிகள் ஏறியிருக்க, ஆண்களின் கோடு 26 புள்ளிகள் மட்டுமே ஏறியிருக்கிறது. நம் பாட்டிமார்களும் அம்மாக்களும் பள்ளிக்குப் போனதும் போகாததும் அந்த வெற்றிடத்தில் பதிவாகியிருக்கின்றன என்று நினைக்கும்போது, இதை வெறும் எண்களாக அடுக்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

இப்போது இதை, ஆங்கிலத்தை முற்றிலும் மறந்துவிட்டு, தமிழில் ஒரே வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள்: ‘இரு பாலாரின் எழுத்தறிவும் தொடர்ந்து உயர்ந்தது, ஆண்களே எப்போதும் முன்னால் இருந்தார்கள், இடைவெளி 1981 வரை அகன்று, பிறகு சுருங்கியது.’ இதுதான் உங்கள் ஓவர்வியூ. இதை ஆங்கிலத்தில் ‘ஓவரால், லிட்டரசி ரேட்ஸ் ஃபார் போத் மென் அண்ட் விமன் ரோஸ் த்ரூஅவுட் தி பீரியட், ஆல்தோ தி கேப் பிட்வீன் தெம் வைடன்ட் அன்டில் 1981 பிஃபோர் நேரோயிங்’ என்று எழுதலாம். ‘ரோஸ்’, ‘வைடன்ட்’, ‘நேரோயிங்’ ஆகிய மூன்று எளிய வினைகளே இங்கே போதுமானவையாக இருக்கின்றன. எண்களை உற்றுப் பார்ப்பவர்கள், 1971இல் அந்த இடைவெளி ஒரு புள்ளி அளவுக்குக் குறைந்ததே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அதை விட்டுவிடலாம், விடவும் வேண்டும். முக்கியமானவற்றைத் தேர்ந்தெடுத்து எழுதுமாறுதான் கேள்வித்தாளே சொல்கிறது.

சொற்களைப் பற்றிக் கேட்டீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். தங்கத்தின் விலையைப் பற்றித் தமிழ் நாளிதழ்கள் எழுதும் செய்திகளைக் கவனித்திருப்பீர்கள். ‘படிப்படியாக’, ‘கிடுகிடுவென’, ‘சற்றே’, ‘சீராக’, ‘ஏற்ற இறக்கத்துடன்’, ‘புதிய உச்சத்தைத் தொட்டது’, ‘மாற்றமின்றி நீடித்தது’ என்ற சொற்களைக் கொண்டே ஆண்டு முழுவதும் அந்தச் செய்திகளை எழுதிவிடுகிறார்கள், படிக்கும் யாரும் குழம்புவதில்லை. ‘கிராஜுவலி’, ‘ஷார்ப்லி’, ‘ஸ்லைட்லி’, ‘ஸ்டெடிலி’, ‘ஃபிளக்சுவேட்டட்’, ‘பீக்ட்’, ‘ரிமெய்ன்ட் ஸ்டேபிள்’ ஆகியவை அவற்றுக்கு இணையானவை. இந்த ஏழையும் பிழையின்றிக் கையாளத் தெரிந்தவருக்கு மற்ற ஐம்பத்து மூன்றும் அவசரத் தேவை அல்ல. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: ‘ஸ்டெடி’ என்றால் சீரான வேகத்தில் நகர்வது, ‘ஸ்டேபிள்’ என்றால் நகராமல் இருப்பது. ‘ஸ்டெடிலி ரோஸ்’ என்று எழுதலாம். ‘ஸ்டேபிலி ரோஸ்’ என்று எழுதவே கூடாது. அறுபது ஆண்டுகளில் மெல்ல மெல்ல ஏறிய எழுத்தறிவுக்கு ‘ஸ்கைராக்கெட்டட்’ என்று எழுதுவது சொல்வளத்தைக் காட்டாது, கோட்டை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்பதையே காட்டும்.

“பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்துகொள்ள எனக்கு எழுத்துப் பகுதியில் 6.5 தேவைப்படுகிறது. ‘இன்கிரீஸ்’ என்ற சொல்லுக்குப் பின் எங்கே ‘டு’ வரும், எங்கே ‘பை’ வரும், எங்கே ‘ஆஃப்’ வரும், எங்கே ‘அட்’ வரும் என்பதை எத்தனை முறை படித்தாலும் தேர்வு அறையில் மறந்துவிடுகிறேன்.”
– செவிலியர், நாகர்கோவில்

இந்தக் குழப்பத்துக்கு விடை உங்கள் தாய்மொழியிலேயே இருக்கிறது. ‘கட்டணம் 50 ரூபாய் உயர்ந்தது’ என்று ஒருவர் சொன்னால், முன்பு இருந்ததோடு 50 ரூபாய் கூடியிருக்கிறது என்று புரிந்துகொள்வீர்கள். ‘கட்டணம் 50 ரூபாயாக உயர்ந்தது’ என்று சொன்னால், இப்போது கட்டணமே 50 ரூபாய்தான் என்று புரிந்துகொள்வீர்கள். ‘ஆக’ என்ற ஓர் ஒட்டு பொருளை முழுவதும் மாற்றிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஆக’ இருக்கும் இடத்தில் ‘டு’ வரும்; ‘ஆக’ இல்லாத இடத்தில் ‘பை’ வரும். ‘ரோஸ் டு 50’ என்பது 50ஆக உயர்ந்தது. ‘ரோஸ் பை 50’ என்பது 50 உயர்ந்தது. எழுதும் முன் மனத்துக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் தவறு நேராது.

‘ஆஃப்’ என்பது, உயர்வு என்பதை வினையாக எழுதாமல் பெயராக எழுதும்போது வருவது. ‘50 ரூபாய் உயர்வு’ என்பதை ‘அன் இன்கிரீஸ் ஆஃப் 50 ருபீஸ்’ என்று எழுதுவோம். எதில் உயர்வு என்பதற்கு ‘இன்’ வரும்: ‘கட்டணத்தில் உயர்வு’, ‘அன் இன்கிரீஸ் இன் தி ஃபேர்’. ‘அட்’ என்பது கோடு நிற்கும் இடத்தைச் சொல்வது: ‘ஸ்டுட் அட்’, ‘பீக்ட் அட்’, ‘லெவல்ட் ஆஃப் அட்’. இன்னொரு பிழையையும் அடிக்கடி பார்க்கிறேன்: ‘ரீச்ட் டு 80 பர்சென்ட்’. தமிழில் ‘80 சதவீதத்தை எட்டியது’ என்றுதான் சொல்கிறோம், ‘80 சதவீதத்துக்கு எட்டியது’ என்று சொல்வதில்லை. ஆங்கிலமும் இங்கே அப்படித்தான் நடந்துகொள்கிறது. ‘ரீச்ட் 80 பர்சென்ட்’ என்பதே சரி, நடுவில் எதுவும் வேண்டாம்.

நீங்கள் மருந்தின் அளவைக் கணக்கிட்டுப் பழகியவர் என்பதால், அடுத்ததை எளிதில் பிடித்துக்கொள்வீர்கள். பெண்களின் எழுத்தறிவு 1991இல் 39.29 சதவீதம், 2001இல் 53.67 சதவீதம். இதை ‘ரோஸ் பை 14 பர்சென்ட்’ என்று எழுதினால் தவறு. ஒரு சதவீதத்திலிருந்து இன்னொரு சதவீதத்தைக் கழித்தால் கிடைப்பது சதவீதப் புள்ளி. ஆகவே ‘ரோஸ் பை அபவுட் 14 பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்’ என்றே எழுத வேண்டும். சதவீதக் கணக்கில் பார்த்தால், 39.29இன் மீது 14.38 கூடியிருப்பது ஏறத்தாழ 37 சதவீத உயர்வு. இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ‘ஃப்ரம் 39 பர்சென்ட் டு ஜஸ்ட் அண்டர் 54 பர்சென்ட்’ என்று தொடக்கத்தையும் முடிவையும் எழுதிவிடுங்கள். அதில் பிழை நுழைய வழியே இல்லை.

“இலங்கையின் பணவீக்கத்தைக் காட்டும் வரைபடத்துக்கு, 2022 செப்டெம்பருக்குப் பிறகு விலைகள் வேகமாகக் குறைந்தன என்று எழுதியிருந்தேன். என் ரியூசன் ஆசிரியர் அந்த வாக்கியத்தைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டார். கோடு கீழே இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறதே, அதில் என்ன பிழை?”
– உயர்தர மாணவி, யாழ்ப்பாணம்

உங்கள் ஆசிரியர் வெட்டியது சரி. அந்த ஆண்டில் கடைக்குப் போய் வந்த யாரும் விலைகள் குறைந்தன என்று சொல்ல மாட்டார்கள் என்பதை உங்கள் வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, ஓராண்டுக்கு முந்தைய அதே மாதத்தோடு ஒப்பிட்ட பணவீக்கம் 2022 ஜனவரியில் 14.2 சதவீதமாகவும், யூனில் 54.6 சதவீதமாகவும், செப்டெம்பரில் 69.8 சதவீதமாகவும் இருந்தது. அதுவே உச்சம். அங்கிருந்து கோடு இறங்கி, 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதத்துக்கு வந்துவிட்டது. வரைபடத்தில் இது ஒரு மலையைப் போலத் தெரியும். ஆனால் இந்தக் கோடு விலையைக் காட்டவில்லை, விலை ஏறும் வேகத்தைக் காட்டுகிறது. 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய பொருட்களின் கூடை 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 170 ரூபாய். 2023 செப்டெம்பரில் அதே கூடை ஏறத்தாழ 172 ரூபாய். கோடு 69.8இலிருந்து 1.3க்குச் சரிந்த அந்த ஓராண்டிலும் விலை இரண்டு ரூபாய் ஏறியே இருக்கிறது. ஓடும் பேருந்து வேகத்தைக் குறைத்தால் அது பின்னோக்கிப் போகிறது என்று பொருள் ஆகாது அல்லவா?

ஆகவே ‘பிரைசஸ் ஃபெல்’ என்பது பிழை; ‘தி இன்ஃப்ளேஷன் ரேட் ஃபெல் ஷார்ப்லி’ என்பது சரி. கோடு பூச்சியத்துக்குக் கீழே இறங்கினால் மட்டுமே, ஓராண்டுக்கு முன் இருந்ததைவிட விலைகள் குறைந்திருக்கின்றன என்று சொல்ல முடியும். 2024 செப்டெம்பரில் அப்படியே நடந்து, பணவீக்கம் எதிர்மறையாக 0.5 சதவீதத்துக்குப் போனது.

இந்தப் பிழை பணவீக்கத்தோடு நிற்பதில்லை. மக்கள்தொகை வளர்ச்சி விகிதம், ஏற்றுமதி வளர்ச்சி விகிதம் என்று எதன் வேகத்தைக் காட்டும் வரைபடமாக இருந்தாலும் இதே பள்ளத்தில் மாணவர்கள் விழுகிறார்கள். கோட்டைப் பார்ப்பதற்கு முன் செங்குத்து அச்சின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அது எண்ணிக்கையா, சதவீதமா, எதன் சதவீதம், ஆயிரத்திலா, மில்லியனிலா, வளர்ச்சி வேகமா என்று கண்டுகொண்ட பிறகே எழுதத் தொடங்குங்கள்.

“மூன்று கோடுகள் வந்தால் எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை. மேலும், ஒரு கோடு திடீரென்று ஏறினால் அதற்கான காரணத்தைச் சொல்லலாமா? பொருளாதாரம் படித்தவன் என்பதால் காரணங்களை எழுதாமல் இருக்க என்னால் முடிவதில்லை.”
– முதுகலை மாணவர், கோயம்புத்தூர்

உங்களுக்கென்றே ஒரு வரைபடத்தைச் சொல்கிறேன்; தாளில் வரைந்து பாருங்கள். நகரங்களில் வாழும் மக்களின் பங்கு, மூன்று கணக்கெடுப்புகளில். தமிழ்நாட்டில் 1991இல் 34.15, 2001இல் 44.04, 2011இல் 48.40 சதவீதம். கேரளத்தில் அதே ஆண்டுகளில் 26.39, 25.96, 47.70. இந்தியா முழுவதற்கும் 25.7, 27.8, 31.2.

கேரளத்தின் கோட்டைப் பார்த்தவுடன் உங்கள் கை காரணம் எழுதத் துடிக்கும். எனக்கும் துடிக்கிறது. பத்தே ஆண்டுகளில் ஒரு மாநிலம் 26 சதவீதத்திலிருந்து 48 சதவீதத்துக்குத் தாவுவது எப்படி? மக்கள் எல்லாரும் ஊரைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்துக்குப் போய்விடவில்லை. உள்ளாட்சி நிர்வாகத்தில் கிராமமாக இருந்தாலும் மக்கள்நெருக்கத்தாலும் தொழிலாலும் நகரத்தன்மை அடைந்துவிட்ட ஊர்களைக் கணக்கெடுப்புத் துறை ‘சென்சஸ் டவுன்’ என்று வகைப்படுத்துகிறது. கேரளத்தில் அத்தகைய ஊர்கள் 2001இல் 99ஆக இருந்து 2011இல் 461ஆக உயர்ந்தன. பொருளாதார மாணவராக இதைத் தெரிந்து வைத்திருப்பது சிறப்பு. ஆனால் டாஸ்க் 1இல் இதற்கு இடம் இல்லை. வரைபடத்தில் உள்ளதை மட்டும் எழுத வேண்டும். அதில் இல்லாத காரணத்தை எழுதினால், அது உண்மையாகவே இருந்தாலும், கேட்காததை எழுதியதாகவே ஆகும். காரணங்களையும் கருத்துகளையும் குறைந்தது 250 சொற்களில் கட்டுரை கேட்கும் டாஸ்க் 2க்குச் சேமித்து வையுங்கள். எழுத்துப் பகுதியில் அதற்கே இரு மடங்கு மதிப்பு.

இனி, மூன்று கோடுகளை எப்படி வரிசைப்படுத்துவது? ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாகத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொன்னால் ஒப்பீடு வராது. ஒரே மாதிரி நடந்துகொள்ளும் கோடுகளை ஒன்றாகக் கட்டி, மாறுபட்டு நடக்கும் கோட்டைத் தனியாக எடுங்கள். இங்கே தமிழ்நாடும் இந்தியாவும் இடையறாமல் ஏறுகின்றன, ஏறும் அளவு மட்டுமே வேறு. ஆகவே அவை இரண்டும் ஒரு பத்தி. முதலில் சற்றே இறங்கிப் பின்பு செங்குத்தாக ஏறும் கேரளம் இன்னொரு பத்தி.

அந்த இரண்டாம் பத்தியில் கோடுகள் குறுக்கிடும் இடத்தைத் தவறவிடாதீர்கள். 1991இல் இந்தியச் சராசரிக்கு ஒரு நூலளவு மேலே இருந்த கேரளம், 2001இல் அதற்குக் கீழே போய், 2011இல் மீண்டும் அதைக் கடந்து வெகுதூரம் மேலே சென்றிருக்கிறது. ‘ஓவர்டுக்’ என்ற வினை இந்தக் கடத்தலுக்கு உரியது. அதேபோல் 2001இல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே 18 புள்ளிகள் இருந்த தூரம் 2011இல் ஒரு புள்ளிக்கும் கீழே வந்துவிட்டது என்பது இந்த வரைபடத்தின் தலைப்புச் செய்தி, ஓவர்வியூவில் இடம்பெற வேண்டிய செய்தி. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட வரைபட நூலில், டென்மார்க்கோடும் நார்வேயோடும் இங்கிலாந்து நடத்திய வணிகத்தில் இறக்குமதிக் கோடும் ஏற்றுமதிக் கோடும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் படம் ஒன்று உண்டு. எந்த இடத்தில் வணிகம் இங்கிலாந்துக்குச் சாதகமாகத் திரும்பியது என்பதை அந்த வெட்டுப்புள்ளியே காட்டிவிடுகிறது. கோடுகளை வரையும் வழக்கம் பரவத் தொடங்கிய நாளிலிருந்தே, பார்ப்பவரின் கண் முதலில் போவது அவை குறுக்கிடும் இடத்துக்குத்தான்.

“எந்தக் காலத்தில் எழுதுவது? ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ இரண்டில் எது சரி?”
– கல்லூரி மாணவி, மதுரை

முடிந்துபோன ஆண்டுகளைக் காட்டும் வரைபடத்துக்கு எளிய இறந்தகாலம்: ‘ரோஸ்’, ‘ஃபெல்’, ‘ரிமெய்ன்ட்’. ‘ரைஸ்ட்’, ‘ஃபால்ட்’ என்ற வடிவங்கள் ஆங்கிலத்தில் இல்லை. ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்குள் ஏற்கெனவே நடந்து முடிந்ததைச் சொல்ல ‘பை 2001’ என்று தொடங்கி ‘ஹேட் ரிசன்’ என்று எழுதலாம். வரைபடம் வருங்காலத்தையும் காட்டினால் ‘வில் ரைஸ்’ என்று உறுதி கூற வேண்டாம், அது கணிப்பு மட்டுமே என்பதால் ‘இஸ் புரொஜெக்டட் டு ரைஸ்’ என்று எழுதுங்கள். ஆண்டு எதுவும் குறிக்காமல், ஒரு நாளின் மணிநேரங்களை மட்டும் காட்டினால் நிகழ்காலம் பொருந்தும்.

இரண்டாவது கேள்விக்கு, ‘உயர்’, ‘உயர்த்து’ என்ற தன்வினை, பிறவினைகளை நினைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்தது, அது ‘ரோஸ்’. அரசு விலையை உயர்த்தியது, அது ‘ரெய்ஸ்ட்’. வரைபடத்தில் கோடு தானாகவே ஏறுகிறது, உயர்த்தியவர் யார் என்று அங்கே எழுதியிருப்பதில்லை. ஆகவே டாஸ்க் 1இல் உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ‘ரைஸ்’தான்.

இதோடு எழுவாயையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ‘இந்தியா இன்கிரீஸ்ட்’ என்று பலர் எழுதுகிறார்கள். இந்தியா கூடவில்லை, இந்தியாவின் ஏதோ ஓர் அளவு கூடியது. ‘தி நம்பர் ஆஃப்’, ‘தி அமவுன்ட் ஆஃப்’, ‘தி ப்ரப்போர்ஷன் ஆஃப்’ என்று எந்த அளவோ அதை எழுவாயாக வையுங்கள். எண்ணக்கூடியவற்றுக்கு ‘நம்பர்’, தண்ணீர், மின்சாரம் போன்றவற்றுக்கு ‘அமவுன்ட்’.

“என் மகள் இந்தத் தேர்வுக்கு வீட்டிலிருந்தே படிக்கிறாள். பயிற்சி மையத்துக்கு அனுப்ப எங்களுக்கு வசதி இல்லை. எனக்கு ஆங்கிலம் தெரியாது. அவளுக்கு நான் ஏதாவது விதத்தில் உதவ முடியுமா?”
– ஒரு தாய், தஞ்சாவூர்

நிச்சயமாக முடியும், அம்மா. உங்கள் கடிதத்தைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், இதற்கான பதிலை மற்ற எல்லாரும் படிக்க வேண்டும் என்று நான் விரும்பியதுதான்.

முதலில் மகளுக்கு ஒரு நல்ல வரைபடம் வேண்டும். ஹவாய்த் தீவில் உள்ள மௌனா லோவா எரிமலையின் மேலிருந்து, காற்றில் உள்ள கரியமில வாயுவை 1958 முதல் அளந்து வருகிறார்கள். அந்த அளவீட்டைத் தொடங்கியவர் சார்லஸ் டேவிட் கீலிங் என்னும் அமெரிக்க அறிவியலாளர். அந்த வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பயிற்சிக்கு அதை நான் விரும்பக் காரணம், ஒரே கோட்டில் இரண்டு அசைவுகள் சேர்ந்திருப்பது. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் உச்சத்துக்குப் போய், பூமியின் வடபாதியில் செடிகொடிகள் தழைக்கும் மாதங்களில் இறங்கி, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தாழ்ந்து, மறுபடி ஏறுகிறது. அந்தச் சிறு அலைகளோடு கோடு முழுவதும் மேல்நோக்கியும் போய்க்கொண்டிருக்கிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் 1959இல் ஆண்டுச் சராசரியாக ஏறத்தாழ 316 பங்காக இருந்த அளவு, 2020இல் ஏறத்தாழ 414 பங்கானது. 1960களில் ஆண்டுக்கு ஒரு பங்குக்கும் குறைவாக ஏறியது, 2010களில் ஆண்டுக்கு இரண்டு பங்குக்கும் மேலாக ஏறியிருக்கிறது. ஏற்ற இறக்கம், நெடுங்கால உயர்வு, உயரும் வேகத்தின் அதிகரிப்பு என்ற மூன்றையும் 150 சொற்களில் சொல்லத் தெரிந்துவிட்டால், தேர்வில் வரும் எந்தக் கோடும் அவளை மிரட்டாது.

நேரத்தையும் நீங்களே கணக்கு வைத்துச் சொல்லலாம். டாஸ்க் 1க்கு 20 நிமிடம் என்பது பரிந்துரை. முதல் நான்கு நிமிடம் அவள் எழுதக் கூடாது, பார்க்க மட்டுமே வேண்டும். பிறகு பன்னிரண்டு நிமிடம் எழுத்து. மீதி நான்கு நிமிடம் எண்களையும் வினைச்சொற்களையும் சரிபார்க்க. இருபதாவது நிமிடத்தில் தாளை வாங்கிவிடுங்கள். இங்கே இருபது நிமிடத்தைத் தாண்டினால் டாஸ்க் 2க்கான 40 நிமிடத்தைத்தான் அது தின்னும்.

அந்த முதல் நான்கு நிமிடத்துக்குப் பிறகு, எழுதத் தொடங்குவதற்கு முன், நீங்கள் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு எதிரே உட்காருங்கள். வரைபடத்தை உங்களுக்குக் காட்டாமல், அதில் என்ன இருக்கிறது என்பதை மகள் தமிழில் சொல்லட்டும். அவள் சொல்வதைக் கேட்டு நீங்கள் கோட்டை வரையுங்கள். எங்கே தொடங்குகிறது, எதுவரை ஏறுகிறது, எங்கே திரும்புகிறது என்று புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கோடு எந்த இடத்தில் மாறிப்போயிருக்கிறதோ, அந்த இடத்தை அவள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. அதைத் திரும்பப் பார்த்துச் சொல்லி, உங்கள் கோடும் அச்சிட்ட கோடும் ஒத்துவந்த பிறகு, ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்.